மகள் கம்போடியாவுக்கு மிஷன் பயணம் போகக் கேட்கிறாள். அனுப்பலாமா?

பட்டர்வொர்த்_அம்மா | செவ்வாய், இரவு 10:42

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 16 வயது. பினாங்குத் தீவுப் பக்கம் ஒரு கிறிஸ்துவத் தனியார் பள்ளியில் படிக்கிறாள். வருடா வருடம் பெரிய வகுப்புப் பிள்ளைகளை வெளிநாட்டு மிஷன் பயணத்துக்குக் கூட்டிப் போவார்கள். இந்த முறை கம்போடியா, சியாம் ரீப். ஏழு நாள், 18 பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள். தலைக்கு 3,400 மலேசிய வெள்ளி.

பள்ளிக் கடிதத்தில் இருப்பது இதுதான்: கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, அந்தப் பள்ளியின் மதிலுக்குச் சாயம் அடிப்பது, ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள சபையில் பாட்டும் குறுநாடகமும், ஒரு மத்தியானம் பிள்ளைகள் இல்லத்தில், கடைசி நாள் அங்கோர் வாட்.

கம்போடியா என்று சொன்னதுமே என் கணவர் டிவியை நிறுத்திவிட்டார். வேலை தருகிறேன் என்று ஆளை அங்கே கூட்டிப்போய் அடைத்து வைக்கிற செய்தியை எத்தனை பார்த்திருக்கிறோம்! மாமியார் அதற்கு மேல். "அந்த ஊருல போனை கையில குடுத்து ஊரை ஏமாத்தச் சொல்லுவாங்களாமே" என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பல். மாமியார் இந்து. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறவர். நான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சபைக்குப் போகிறவள். வீட்டில் இதனால் சண்டை வந்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், புலம்பிய மறுநாள் காலை பசியாறும்போது, "பிள்ளை காசு சேர்க்கணும்னா நான் முறுக்குச் சுட்டுத் தரேன், ஸ்கூல்ல விக்கட்டும்" என்றதும் அவர்தான்.

எனக்கு இரண்டு மனம். போய் வந்தவர்கள், பிள்ளைகளை அனுப்பியவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்காரன் | செவ்வாய், இரவு 10:58

முதல் கேள்வி: முறுக்கு ஒரு பாக்கெட் எவ்வளவு?

இரண்டாவது, பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள் அக்கா. வேலை மோசடியில் மாட்டியவர்கள் தனியாக, வேலையை நம்பி, தெரியாத ஏஜண்டு கொடுத்த டிக்கெட்டில் போனவர்கள். நான்கு ஆசிரியர்களோடு கூட்டமாகப் போய்த் திரும்புகிற பள்ளிப் பிள்ளைகளின் கதை வேறு. நான் கேட்பேன் என்றால் எல்லைப் பிரச்சினையைக் கேட்பேன். 2025 ஜூலையில் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் ஐந்து நாள் சண்டை நடந்தது. நம் புத்ராஜெயாவில் உட்கார்ந்துதான் சண்டை நிறுத்தம் பேசினார்கள். டிசம்பரில் மறுபடி வெடித்தது. சியாம் ரீப் நகரம் எல்லையில் இல்லை, ஆனால் வடக்கே போகப் போக எல்லைதான். அந்தக் கிராமம் எந்தத் திசையில் இருக்கிறது என்று பள்ளியில் கேளுங்கள். காப்புறுதிப் பத்திரத்தையும் வாங்கிப் படியுங்கள், போரால் வரும் இழப்பைப் பல காப்புறுதிகள் ஏற்பதில்லை.

கணக்குப்பிள்ளை | புதன், காலை 7:15

3,400 பெருக்கல் 18 என்றால் 61,200 வெள்ளி. ஆசிரியர்கள் செலவை யார் ஏற்கிறார்கள் என்பது தனி.

விமானம், தங்கல், வேன், சாப்பாடு, அங்கோர் நுழைவுச்சீட்டு எல்லாம் போக அந்தக் கிராமத்தின் கையில் எவ்வளவு நிற்கும்? சாயம் அடிக்க அந்த ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள், கூலி கொடுத்தால் அடிப்பார்கள். அந்த மதில் உலகத்திலேயே விலை கூடிய மதிலாகிவிடும் போலிருக்கிறது. அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. செலவுக் கணக்கை வரி வரியாகக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

முருகனடிமை_தைப்பிங் | புதன், காலை 9:30

உங்கள் மாமியாரைப் பற்றி எழுதியதால் தைரியமாகக் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மிஷன் என்றால் மதம் மாற்றத்தானே போகிறார்கள்? ஏழைப் பிள்ளைக்குப் பென்சிலும் மிட்டாயும் கொடுத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் அதற்குப் பெயர் என்ன? நம் தோட்டங்களில் இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே இருப்பவர்கள் புத்த சமயத்தவர்கள், அவர்கள் பாட்டுக்கு இருக்கட்டுமே.

பட்டர்வொர்த்_அம்மா | புதன், மதியம் 1:05

அண்ணே, தவறாக எடுக்கவில்லை. என் வீட்டிலேயே அந்தக் கேள்வி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

செந்தூல்காரன் தம்பி, பாக்கெட் எட்டு வெள்ளி. அச்சு முறுக்கு இல்லை, கைமுறுக்கு.

ஆயர்ஈத்தாம்_டீச்சர் | புதன், மாலை 5:48

தைப்பிங் தம்பிக்கு: கம்போடியாவில் அதற்குச் சட்டமே இருக்கிறது. புத்த சமயம் அரசமைப்பில் அரச சமயம். வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் செய்யக் கூடாது என்று 2007இல் சமய அமைச்சு உத்தரவு போட்டது. காசோ பொருளோ கொடுத்து மதம் மாற்றவும் தடை. பிற சமயப் புத்தகங்களை அந்தந்த வழிபாட்டிடத்துக்குள்தான் கொடுக்கலாம். சபைக்குள் பாடினால் அதில் தவறில்லை. கிராமத்துப் பள்ளி மைதானத்தில் நாடகம் போட்டு, கைப்பிரதி கொடுத்து, மிட்டாயும் கொடுத்தால் சிக்கல். நாடகத்தை எங்கே போடுகிறார்கள் என்று அம்மா கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, இது என் பழைய வாத்தியார் புத்தி. நான் பினாங்கு லைட் ஸ்திரீட் கான்வெண்டில் படித்தவள். அந்தக் கான்வெண்டைத் தொடங்கிய கன்னியர்கள் 1852இல் பிரான்சிலிருந்து வந்திறங்கினார்கள். தலைவியாக வந்த மதர் மத்தில்ட் ரக்லோ இங்கிருந்து சிங்கப்பூர் போய், 1872இல் ஜப்பான் போய், 1911இல் யோக்கோஹாமாவில் இறந்தார். அதற்கும் முன்னால், 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழகினார். முதலில் அவர்தான் மாணவர். அப்புறம்தான் மற்றதெல்லாம். அவர்கள் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன், எங்கள் கான்வெண்டில் தமிழ் பேசினால் முறைத்த காலமும் உண்டு. ஆனால் அந்த வேலைக்கும் ஏழு நாள் பயணத்துக்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறோம் பாருங்கள், அங்கேதான் குழப்பம். கல்விப் பயணம் என்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை முடிந்துவிடும்.

பழைய_பயணி | புதன், இரவு 11:20

நான் போயிருக்கிறேன். 17 வயதில், வேறு பள்ளி, வேறு நாடு. ஊர் பெயர் வேண்டாம்.

மதில் பற்றிச் சொல்கிறேன். எங்களுக்கு மஞ்சள் சாயம் கொடுத்தார்கள். பாதி அடித்ததும் மழை பிடித்தது. கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றபோது எனக்கு வேலை இல்லாமல், மூலையில் உரிந்திருந்த இடத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தேன். எங்கள் மஞ்சளுக்குக் கீழே நீலம். நீலத்துக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே மறுபடி ஒரு மஞ்சள். சிமெண்டைப் பார்க்கவே முடியவில்லை. அந்த வருடம் மட்டும் எத்தனை கூட்டம் வந்து போனதோ! பக்கத்தில் நின்ற அந்த ஊர் வாத்தியார் நான் கீறுவதைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

ஆனாலும் போனதற்கு வருந்தவில்லை. அங்கே ஒரு சமையல்கார அம்மா இருந்தார். காலை நாலரைக்கு எழுந்து எங்கள் 20 பேருக்கும் சோறு வடிப்பார். மூன்றாம் நாள் எனக்குத் தூக்கம் வராமல் போய் வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு தினமும். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. நான் வெட்டுவது சரியில்லை என்றால் கத்தியைப் பிடுங்கிக் காட்டுவார். நான் எதையாவது கற்றுக்கொண்டு வந்தேன் என்றால் அந்தக் கொட்டகையில்தான்.

சமூகநலப்_பணி | வியாழன், காலை 8:10

மற்றதை எல்லாம் விடுங்கள். கடிதத்தில் "ஒரு மத்தியானம் பிள்ளைகள் இல்லத்தில்" என்று இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கம்போடிய அரசும் யுனிசெஃபும் சேர்ந்து 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. அங்குள்ள அனாதை இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். 2005க்கும் 2010க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது, 153இலிருந்து 269. அந்தக் காலத்தில் அங்கே போர் இல்லை, பெற்றோர் கூட்டமாகச் சாகவும் இல்லை. கூடியது சுற்றுலாப் பயணிகளும் நன்கொடையும்தான். "உங்கள் பிள்ளையைப் படிக்க வைக்கிறோம்" என்று சொல்லிக் கிராமத்து ஏழை வீட்டிலிருந்து கூட்டி வருவது, வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டுவது, பணம் வாங்குவது. எல்லா இல்லமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தால் எது எது என்று கண்டுபிடிக்க முடியாது, அதுதான் விஷயம். ஆஸ்திரேலியாவில் 2017இல் பாராளுமன்றக் குழு ஒன்று இதை நவீன அடிமைத்தனத்தோடு சேர்த்து விசாரித்தது.

உங்கள் மகள் படிக்கும் பள்ளிக்குள் முன்பின் தெரியாத 18 பேர் வந்து, பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்து, இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டுப் போனால் விடுவீர்களா? அங்கே மட்டும் எப்படிச் சரியாகும்?

செந்தூல்காரன் | வியாழன், காலை 8:34

நான் என் பதிவை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் இதை யோசிக்கவில்லை.

அப்பா_ஒருவன் | வியாழன், காலை 10:02

கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள் சிஸ்டர். என் மகன் போன வருடம் போய் வந்தான். இல்லத்துப் பிள்ளைகள் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். திரும்பி வந்ததிலிருந்து சாப்பாட்டை வீணாக்குவதில்லை. பிள்ளைக்கு இரக்கம் வருகிறது, அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் சந்தோஷம். இதில் என்ன குற்றம்?

பிறைத்தம்பி | வியாழன், இரவு 9:47

நான் பொதுவாக இங்கே படிப்பதோடு சரி. இதற்கு எழுத வேண்டும் போலிருக்கிறது.

நான் இல்லத்தில் வளர்ந்தவன். இங்கேதான், வட மாநிலத்தில். ஏழு வயதிலிருந்து பதினேழு வரை. எனக்கு அம்மா இருந்தார். அப்பா போன பிறகு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று விட்டுவிட்டுப் போனார். மாதம் ஒரு முறை வருவார்.

சனிக்கிழமை என்றால் எங்களுக்கு விருந்தாளிகள். கம்பெனிக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், சபைக்காரர்கள், தீபாவளி சமயம் கோயில்காரர்கள். காலையிலேயே குளிப்பாட்டி, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுவிடுவார்கள். எங்களுக்கு மூன்று பாட்டுத் தெரியும். எந்த மதக்காரர் வந்தால் எந்தப் பாட்டு என்பது எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். பாட்டு முடிந்ததும் பொரித்த கோழி. ஒரு டிசம்பரில் ஒரே நாளில் மூன்று கூட்டம் வந்து, மூன்று முறை கோழி தின்று, இரவு எல்லோரும் வாந்தி.

அழுவதைப் பற்றி அண்ணன் எழுதியிருந்தார். உண்மை, சின்னப் பிள்ளைகள் அழுவார்கள். நானும் அழுதிருக்கிறேன். முதல் வருடம் ஓர் அக்கா, என்னைத் தம்பி என்று கூப்பிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று சொன்னார். நான் அடுத்த சனிக்கிழமை வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதற்கு அடுத்த சனிக்கிழமையும். மூன்றாம் வருடம் எனக்கு அழுகை நின்றுவிட்டது. எப்போது கட்டிப்பிடித்தால் யாருக்குக் கண் கலங்கும், யார் கைப்பையைத் திறப்பார் என்று பழகிவிட்டது. அது எனக்கு நல்ல பழக்கமாக அமையவில்லை. கல்யாணமான பிறகும் மனைவி அதைப் பற்றிக் கேட்டிருக்கிறாள்.

ஒருவரை மட்டும் நினைவிருக்கிறது. ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், சீனர். புதன்கிழமை மாலை சைக்கிளில் வருவார், கணக்குச் சொல்லிக்கொடுப்பார், ஆறரைக்குப் போய்விடுவார். ஆறு வருடம். தூக்கிக் கொஞ்சியதில்லை, ஒரு படம் எடுத்ததில்லை, மிட்டாய் கொடுத்ததும் இல்லை. தப்பாகப் போட்டால் புத்தகத்தைத் திருப்பிப் போடுவார். பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் கணக்குக்கு எனக்கு ஏ. வேறு எதிலும் வரவில்லை.

மகளை அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை. அந்த ஒரு மத்தியானத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள் அக்கா.

அப்பா_ஒருவன் | வியாழன், இரவு 10:30

தம்பி, மன்னிக்கணும். மகனிடம் காட்டினேன். படங்களை எடுத்துவிட்டான்.

பட்டர்வொர்த்_அம்மா | திங்கள், இரவு 8:55

நாலு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். பிறைத்தம்பி எழுதியதை மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்து வந்து, "சார்கிட்ட நான் கேக்குறேன், நீங்க வராதீங்க" என்றாள். நான் போனேன். என் கணவரும் வந்தார், வேலைக்கு லீவு போட்டுக்கொண்டு.

பொறுப்பாசிரியர் நல்ல மனிதர், ஒன்றையும் மறைக்கவில்லை. கிராமம் நகரத்துக்குத் தெற்கே, தோன்லே சாப் ஏரிப் பக்கம். நாடகம் சபைக்குள் மட்டும். செலவுக் கணக்கைக் காட்டினார், விமானமும் தங்குமிடமும்தான் பெரும்பங்கு. கிராமப் பள்ளிக்குப் போகும் பணம் நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. இல்லத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அங்குள்ள பாஸ்டர் ஏற்பாடு, அவர் மனம் நோகும் என்றார். என் கணவர் கேட்டார்: "அந்தப் பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா இருக்காங்களா சார்?" தெரியாது என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

முடிவு இன்னும் முழுசாக வரவில்லை. விரும்பாத பெற்றோர் எழுதிக் கொடுத்தால் அந்தப் பிள்ளைகளை அன்று மத்தியானம் தங்குமிடத்திலேயே விடுவதாகச் சொன்னார். திட்டத்திலிருந்தே எடுக்கச் சொன்னேன், அதற்கு ஒப்பவில்லை. இது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆயர்ஈத்தாம்_டீச்சர் | திங்கள், இரவு 9:20

போட்டது சரி அம்மா. பாஸ்போர்ட்டை இப்போதே பாருங்கள், பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்பதால் நீங்களோ அவரோ இமிகிரேஷனுக்குக் கூடவே போக வேண்டும், பிறப்புப் பத்திரத்தோடு. கட்டணம் 200 வெள்ளி. விசா நமக்கு வேண்டாம். அங்கே கொசு அதிகம், டெங்கி உண்டு. நாய்க்குட்டியைத் தூக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள், இந்த வயதுப் பிள்ளைகள் முதலில் அதைத்தான் செய்வார்கள்.

முருகனடிமை_தைப்பிங் | திங்கள், இரவு 10:11

அங்கோர் வாட் முதலில் பெருமாள் கோயில் என்பதை மகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். கெமர் எழுத்தும் பல்லவர் எழுத்திலிருந்து பிறந்ததுதான். யார் யாருக்கு என்ன கொண்டுபோகிறோம் என்று கொஞ்சம் நினைத்துக்கொள்ளட்டும். :)

பட்டர்வொர்த்_அம்மா | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:16

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். மகள் வந்து ஐந்து நாளாகிறது. நன்றாக இருக்கிறாள், நாய்க்குட்டியைத் தூக்கினாள்.

இல்லத்துக்குப் போகாமல் தங்கியது ஆறு பேர். மதிய வெயிலில் சும்மா உட்கார முடியாமல், பழைய பயணி சொன்னது நினைவுக்கு வந்து, சமையலறைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே இவர்கள் வெங்காயத்தைத் தொடவே விடவில்லையாம். பாத்திரம் கழுவ விட்டார்களாம்.

மதிலுக்குச் சாயம் அடித்தார்கள். வெள்ளை. கீழே என்ன நிறம் என்று பார்த்தாயா என்றேன். "ரெண்டு நிறம்தாம்மா" என்றாள். கிராமத்துப் பெயரில் கம்போங் என்று வந்ததைப் பார்த்து, மலாயில் கிராமத்தைச் சொல்கிற நம்ம கம்போங்கா என்று எல்லோரும் வியந்திருக்கிறார்கள்.

ஆங்கில வகுப்பைப் பற்றித்தான் திரும்பத் திரும்பப் பேசுகிறாள். இவள் ஒன்று முதல் பத்து வரை சொல்லிக்கொடுத்தாள். ஐந்து வரை ஒழுங்காக வந்தது. ஆறு என்றதும் ஒரு சிறுமி ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, அப்புறம் மறுகையில் ஒரு விரலைக் காட்டி, "பிராம் மோய்" என்றாளாம். இவளுக்குப் புரியவில்லை, திருத்தியிருக்கிறாள். சிறுமி விடாமல் அதையே காட்டியிருக்கிறாள். கெமரில் ஐந்து பிராம், ஒன்று மோய். ஆறுக்குத் தனிச் சொல் கிடையாது, ஐந்து-ஒன்று. ஏழு ஐந்து-இரண்டு. ஒன்பது வரை அப்படித்தான். "நான் திருத்துனேன்மா, அவ சரியா சொல்லியிருக்கா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். கொஞ்சம் வெட்கமும் இருக்கிறது அந்தச் சிரிப்பில். இப்போது பாட்டியும் பேத்தியும் முறுக்கு எண்ணுவது பிராம் மோய், பிராம் பீ என்றுதான்.

இல்லத்துக்குப் போன பன்னிரண்டு பேரில் ஒரு பையன் திரும்பி வரும்போது வேனில் யாரிடமும் பேசவில்லையாம். ஏனென்று அவள் கேட்கவில்லை.

அடுத்த வருடத் திட்டத்தில் இல்லம் இருக்குமா என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. மறுபடி கேட்பேன்.

பிறைத்தம்பி | ஞாயிறு, மாலை 5:02

கேளுங்கள் அக்கா.

செந்தூல்காரன் | ஞாயிறு, மாலை 5:10

முறுக்கு இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா?

பட்டர்வொர்த்_அம்மா | ஞாயிறு, மாலை 5:25

140 பாக்கெட் சுட்டார், பிராம் பூவன் மிச்சம். அதாவது ஒன்பது.

செந்தூல்காரன் | ஞாயிறு, மாலை 5:26

இரண்டு எனக்கு. தபால் செலவு என் தலையில்.

பட்டர்வொர்த்_அம்மா | ஞாயிறு, மாலை 5:31

முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் தம்பி. செந்தூல் வந்து சேர்வதற்குள் உடைந்துவிட்டால் இங்கே எழுதாதீர்கள், மாமியார் இப்போது இந்த இழையைப் படிக்கிறார்.